வியாபாரக் குறியும் சிறு பட்டறையும்

ஜேர்மனியில் பத்துப் பேர் கத்தி செய்யும் பட்டறையொன்று சீனச் சந்தைக்குப் புறப்படுகிறதென வைத்துக்கொள்வோம். தாய்நாட்டில் பதிந்த வியாபாரக் குறி அங்கும் தன்னைக் காக்குமென அது நம்புகிறது. வீண் நம்பிக்கை! சீனச் சட்டம் பொதுவாக முதலில் பயன்படுத்தியவனையன்று, முதலில் விண்ணப்பித்தவனையே உரிமையாளனாகக் கொள்கிறது. முந்திக்கொண்டவன் உண்மை உரிமையாளனின் சரக்கையே சுங்கத்தில் மறிக்கவும் கூடும்!

பயன்படுத்தும் நோக்கமின்றிக் கெட்ட எண்ணத்துடன் செய்யப்படும் விண்ணப்பங்களைத் தள்ளுமாறு 2019இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மையே. ஆயினும் வழக்காடும் வசதி பெருங் கொம்பனிகளுக்கன்றோ உண்டு? சிறியவருக்கு நாம் காட்டுவது 1883ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையை. தாய்நாட்டில் முதன்முதல் விண்ணப்பித்து 6 மாதத்துள் சீனாவிலும் விண்ணப்பித்தால், முந்திய நாளே அங்கும் செல்லும். சீன எழுத்தில் ஒரு பெயரைத் தாமே தேர்ந்து பதிவதும் உடன் ஆகவேண்டியது. தாமதித்தால், அங்காடி சூட்டும் பெயரை வேறொருவன் பதிந்துகொள்வான்.