துணியை வெட்டுமுன்



திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காலால் மிதித்து ஓட்டும் பழைய தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் நான் முதன்முதலாகத் தைத்த உடையைப் பற்றியும், அப்பொழுது செய்த பிழையைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். பிழையைச் சொல்ல வெட்கந்தான். ஆயினும் உங்களுக்குப் பயன்படக்கூடியது அதுவே.

அப்பொழுது நான் கல்லூரி மாணவி. மேல்நாட்டுப் பெண்கள் 1950-ஆம் ஆண்டுகளில் விரும்பி அணிந்த ஒருவகைக் கவுன்மீது எனக்கு ஆசை உண்டாயிற்று. ஆண்களின் சட்டையைப்போல் காலரும், முன்புறம் பொத்தான் வரிசையும் அதற்கு உண்டு. இடையில் பொருந்தி, கீழே பாவாடைபோல் விரியும். அதற்குரிய மாதிரிக் காகிதம் தோழி ஒருத்தியிடம் கிடைத்தது. துணிக்கு எங்கே போவது? அம்மா தன் பெட்டியைத் திறந்து, சின்னாளபட்டிச் சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்த நல்ல புடவைகள் மிகச் சில. அவற்றுள் அது ஒன்று.

மாதிரிக் காகிதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851-இல் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல், எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் ஒரே உடையைப் பல அளவுகளில் மெல்லிய காகிதத்தில் வெட்டி விற்கத் தொடங்கினார். இயந்திரம் தைக்கும் உழைப்பைக் குறைத்தது. காகிதம் வெட்டும் அச்சத்தைக் குறைத்தது. தையற்கடைக்குச் செல்ல வசதியற்ற குடும்பங்களும் நல்ல உடை தைத்துக்கொள்ள வழி பிறந்தது.

எனக்கோ அச்சம் குறைந்தது மட்டுமன்று, அறவே போய்விட்டது! காகிதத்தைப் புடவைமேல் விரித்தேன். ஓரத்தோடு ஓரமாக வெட்டினேன். தையலுக்கான இடத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் மூலையில் அச்சிட்டிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. தைத்து முடித்து அணிந்து பார்த்தால், மார்பில் பொத்தானும் காஜாவும் ஒன்றையொன்று எட்டவில்லை. அன்றிரவு நான் உண்ணவில்லை.

அம்மா கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் பக்கத் தையல்களைப் பிரித்தாள். எத்தனை அங்குலம் குறைகிறது என்று நாடாவால் அளந்தாள். மிஞ்சியிருந்த முந்தானையிலிருந்து இரண்டு நீண்ட பட்டைகளை வெட்டி, கையின் அடிப்பக்கம் முதல் கவுனின் கீழ்விளிம்பு வரை இருபுறமும் இணைத்தாள். "பிரிக்கத் தெரிந்தால்தான் தைக்கத் தெரியும்" என்றாள். அந்தக் கவுனைப் பல ஆண்டுகள் அணிந்தேன். பட்டைகளைக் கண்டவர்கள் அதை ஓர் அலங்காரம் என்றே எண்ணினார்கள்.

அன்று கற்றவற்றைச் சொல்கிறேன். காகிதத்தில் அச்சிட்டுள்ளதை முதலில் முழுவதும் வாசியுங்கள். புதிய பருத்தித் துணியானால், நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுங்கள். சுருங்க வேண்டியது முன்னமே சுருங்கிவிடும். மார்பு, இடை, இடுப்பு, தோள், முதுகின் நீளம், கையின் நீளம் ஆகியவற்றை அளந்து காகிதத்தோடு ஒப்பிடுங்கள். காகிதத்திலுள்ள அம்புக்குறி பாவு நூலின் வழியே, அதாவது துணியின் கரைக்கு இணையாக, இருக்கட்டும். இல்லையேல் உடை ஒருபுறமாக முறுக்கிக்கொள்ளும். மலிவான காடாத் துணியில் ஒருமுறை வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, அணிந்து பாருங்கள். மார்பு மிக அகன்ற இடத்துக்கு நேராக ஒரு பொத்தானை வைத்துவிட்டு மற்றவற்றைப் பகிர்ந்தால், முன்புறம் வாய் பிளக்காது.

சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் அதனை நிறுவினார்கள். அந்த ராமச்சந்திரன் 1924-இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்தபொழுது, டில்லியில் காந்தியடிகளைக் கண்டு, எல்லா இயந்திரங்களையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். காந்தியடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து அல்லலுறுவதைக் கண்டு சிங்கர் அதனைச் செய்தார் என்றும், அதன் பின்னே அன்பு இருக்கிறது என்றும் கூறினார். மனிதனே முதன்மை, இயந்திரம் அவன் உறுப்புகளைச் செயலற்றவை ஆக்கிவிடலாகாது என்பது அவர் கருத்து.

மாதிரிக் காகிதத்துக்கும் இது பொருந்தும். அது நம்மைக் கண்டதில்லை. எங்கோ இருக்கும் ஒரு சராசரி உடலுக்காக வரையப்பட்டது. அதனைப் பணியாளாகக் கொண்டால் உதவும். எசமானாக ஏற்றால் புடவை வீணாகும். படிக்கும் நூல்களிலும் பிறர் வகுத்துத் தரும் திட்டங்களிலும் இவ்வுண்மையை நீங்கள் காணலாம். எவரேனும் ஓர் அச்சைக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் அளவை நீங்களே எடுங்கள். அதன்பின் கத்தரியைக் கையில் எடுங்கள். அதற்கும் மேல் பிழை நேர்ந்தால், பிரித்துத் தைக்க அஞ்சாதீர்கள்.