குளிர் நாட்டில் ஏன் இந்த வெயில்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"டீச்சர், ஐரோப்பா குளிர் நாடுதானே? அங்கே எப்படி வெயிலில் ஆட்கள் சாகிறார்கள்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் வெப்பத்தால் இறந்தார்கள். பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர், பெரும்பாலோர் வயதானவர்கள். 2022 ஜூலையில் பிரித்தானியாவில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது.

முதல் காரணம் காற்று. சில வேளை அழுத்தம் கூடிய காற்று ஒரே இடத்தில் நாட்கணக்காக நின்றுவிடும், பானைக்கு மூடி போட்டதைப் போல. மேலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். மேகம் கூடாது. வெயில் நாள் முழுக்க அடிக்கும். சகாராப் பாலைவனத்துச் சூட்டுக் காற்றும் வந்து சேர்வதுண்டு.

இரண்டாவது, காய்ந்த மண். ஈரச் சாக்கு சுற்றிய பானையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. மண்ணும் அப்படித்தான். 2003இல் கோடைக்கு முன்பே மழை குறைந்து மண் காய்ந்திருந்தது. ஆவியாக ஈரமில்லை, சூடெல்லாம் காற்றில் ஏறியது.

மூன்றாவதுதான் பெரிய காரணம். காற்று முன்பும் இப்படி நின்றதுண்டு. ஆனால் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த காபனீரொட்சைட்டு பூமியையே சூடாக்கிவிட்டது. 1980களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைவிடச் சுமார் இரு மடங்கு வேகத்தில் சூடாகிறது.

தோழர்களே, வெயில் எல்லோருக்கும் பொது, ஆபத்து அப்படியல்ல. 2022 ஜூலையில் மட்ரிட் நகரில் தெரு கூட்டும் தொழிலாளி ஒருவர் பிற்பகல் வேலையில் சுருண்டு விழுந்து இறந்தார். அதன் பிறகு தொழிற்சங்கங்கள் பேசி, கடும் வெயில் நாட்களில் பிற்பகல் வேலையை மாற்றவைத்தன. 2023இல் ஸ்பெயின் அரசு சட்டமே கொண்டுவந்தது: கடும் வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில், வேறு பாதுகாப்புக் கொடுக்க முடியாவிட்டால், வெளிவேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

ஓர் உயிர் போன பிறகுதான் அங்கே பேச்சு நடந்தது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம். மலைக்குக் குடிதண்ணீர், ஒதுங்க நிழல், உச்சி வெயிலில் ஓய்வு, அந்த ஓய்வுக்காக அரைப்பேர் போடாமை. இந்த நான்கையும் அடுத்த பேச்சுவார்த்தையில் துரை முன் வைப்போம். வெயிலை நிறுத்த நம்மால் முடியாது; வேலை நேரத்தைப் பேசி மாற்ற முடியும்.