கணக்குத் தாளும் கூலிப் பேச்சுவார்த்தையும்



நம் முன்னோர் கூலி உயர்வு கேட்கச் சென்றபோது வாசலில் நின்று கேட்டனர். அளந்ததைப் பெற்றுத் திரும்பினர். கணக்குப் பேரேடு எதிரிலிருந்தவர் கையில் இருந்தது. இன்று நாம் எதிரே அமர்ந்து பேசுகிறோம். ஆயினும் பேரேடு இன்னும் அவர் கையிலேயே இருக்குமாயின், நாற்காலி கிடைத்ததனால் மட்டும் என்ன பயன்?

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை நினைவுகூர்வோம். வகுப்புவாரித் தீர்ப்பில் சென்னை மாகாணத்துக்குக் கிடைத்திருந்த 18 இடங்கள், அவ்வொப்பந்தத்தில் 30 ஆயின. மாகாணச் சட்டமன்றங்கள் அனைத்துக்குமாக 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எண்ணிக்கை உயர்ந்தது, ஆனால் தனித்தொகுதியும் அதனோடு இரட்டை வாக்கும் போயின. கூடுதல் இடங்கள் அவ்விழப்பை ஈடு செய்யா என்று அண்ணல் அம்பேத்கர் 1945இல் எழுதினார். காந்தியடிகளின் உண்ணாநோன்பு சூழ்ந்த அந்நாளின் நெருக்கடியை நாம் அறிவோம். அதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு: பெறுவதை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவதையும் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

இதற்குக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள விரிதாள் பெரிதும் உதவும். அது கட்டம் போட்ட கணக்குத் தாளேயன்றி வேறன்று. ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கூட்டல் பெருக்கல்களைத் தானே மாற்றித் தரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓர் ஒப்பந்ததாரரிடம் 40 தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்வதாகக் கொள்வோம். மாதம் 26 நாள், ஆண்டுக்கு 312 நாள் வேலை. நாளொன்றுக்கு 25 ரூபாய் உயர்வு கேட்டால், ஆண்டுக்கு 3,12,000 ரூபாய். ஒப்பந்ததாரரோ, "கூலி உயர்வு இயலாது, தலைக்கு 3,000 ரூபாய் பொங்கல் பணமும், 1,000 ரூபாய்க்குச் சீருடையும் தருகிறேன்" என்கிறார். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். தாளில் இட்டுப் பார்த்தால் மொத்தம் 1,60,000 ரூபாய்தான். உயர்வை 15 ரூபாயாகக் குறைத்தால்கூட 1,87,200 ரூபாய் வருகிறது. மேலும், கூலியில் சேர்ந்தது அடுத்த ஆண்டும் நிற்கும். பொங்கல் பணத்தை மீண்டும் கேட்டே பெறவேண்டும்.

ஆகவே பேசச் செல்லுமுன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதுங்கள். நாம் கேட்பது, இதற்குக் கீழே இறங்கோம் என்னும் எல்லை, அவர்கள் சொன்னது, அதற்கு ஈடாக நாம் விடுவது, ஆண்டுச் செலவு, பேசிய தேதி என ஆறு பத்திகள் போதும். எல்லையைத் தலைவர் மட்டும் முடிவு செய்யலாகாது. தொழிலாளர் அனைவரும் கூடி முடிவு செய்தல் வேண்டும். அந்தப் பத்தியுள்ள தாளை எதிர்த்தரப்பிடம் காட்டாதீர்கள். ஒவ்வோர் அமர்வு முடிந்ததும் அன்றே பதிவு செய்து, வந்திராதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வாய்ச்சொல் மறுக்கப்படும் நாளில் தேதியிட்ட குறிப்புத் துணைநிற்கும்.

தாள் மட்டும் கூலியை உயர்த்திவிடாது. நம் ஒற்றுமையே உயர்த்தும். ஆனால் கணக்கறியாத ஒற்றுமையை ஒரு பண்டிகைப் பணத்தில் கலைத்துவிடலாம். படித்த இளைஞர்களே, நீங்கள் கற்ற கல்வியைக் கொண்டு உங்கள் தெருவின் கணக்கை எழுதத் தொடங்குங்கள். பேரேடு இனி நம் கையிலும் இருக்கட்டும்!