கத்தி வாய்க்கு ஒரு சட்டம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று கிணற்றைப் பற்றியோ சாலையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டு இறவாணத்தில் செருகியிருக்கும் கத்தியைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். சட்டம் என்று தலைப்பிட்டிருப்பதைக் கண்டு பஞ்சாயத்துச் சட்டத்தை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது மரச்சட்டம்.

ஒரே பட்டறையில், ஒரே இரும்பில் செய்த இரண்டு கத்திகளுள் ஒன்று வாழைத்தாரைச் சுலபமாக அறுக்கிறது. மற்றொன்று பாதியில் சிக்கி நிற்கிறது. இரும்பின் மேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் குற்றம் இரும்பில் இல்லை. வாய்ச் சரிவில் இருக்கிறது. முதுகின் கனத்திலிருந்து வாயின் கூர்மைக்கு இறங்கி வரும் அந்தச் சரிவு ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருந்தால் கத்தி நேரே இறங்காது; ஒரு புறமாக ஒதுங்கும். அதைவிட மோசமானது வேறொன்று. இரு பக்கமும் ஒத்திராத கத்தியைத் துவைச்சலுக்காகப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தும்போது ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து அலகு கோணிவிடுகிறது. கொல்லரின் ஒருநாள் உழைப்பு அத்துடன் வீண்.

அனுபவம் வாய்ந்த கொல்லருக்குக் கையே அளவுகோல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை கைவருவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்கக் கொல்லர் வீட்டுப் பிள்ளை இன்று தயாராக இல்லை. நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான். பட்டறை மூடினால் கொழுவைத் தீட்டவும் மண்வெட்டிக்கு இலை போடவும் நீங்கள் எங்கே போவீர்கள்? ஆகவே இது கொல்லருடைய விஷயம் மட்டுமன்று.

கைப்பழக்கம் குறைந்தவரும் சரிவை ஒரே அளவாக இறக்குவதற்கு உதவுவதே இந்தச் சட்டம். பட்டறைகளில் இதை ஜிக் என்பார்கள். மின்சார இயந்திரம் இல்லாமலே அரத்தைக் கொண்டு வேலை செய்யும் ஒரு வகையை மட்டும் விவரிக்கிறேன்.

கனமான பலகை ஒன்றின் முன்விளிம்பில் கத்தியைப் படுக்க வைத்து, வாய் நம்மை நோக்கியும் முதுகு எதிர்ப்புறமும் இருக்குமாறு, பிடி போட வேண்டிய பகுதியைக் கிளாம்பினால் இறுக்க வேண்டும். கத்தியின் நடுவுக்கு நேர் எதிரே, 400 மில்லி மீட்டர் தள்ளி, பலகையில் ஒரு கால் நட்டு அதில் இரும்பு வளையம் ஒன்றைப் பொருத்த வேண்டும். வளையம் ஏறி இறங்க இரண்டு நட்டுகள் போதும். அரத்தின் மேல்முகத்தோடு ஒரு தட்டையான பட்டையைச் சேர்த்து இறுக்கி, அப்பட்டையின் முனையில் பற்றவைத்த நீண்ட கம்பியை வளையத்தினுள் நுழைத்துவிட்டால் சட்டம் தயார். அரத்தை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அதன் சரிவு மாறாது. 150 மில்லி மீட்டர் நீளமுள்ள அலகின் நுனிக்குப் போகும்போது வளையத்தின் தூரம் 400 என்பது 407 ஆகிறது. அந்த வேறுபாட்டைக் கத்தி அறியாது. வளையத்தைக் கிட்டத்தில் நட்டால்தான் தொல்லை.

சரிவு எவ்வளவு? 4 மில்லி மீட்டர் கனமும் 35 மில்லி மீட்டர் அகலமும் உள்ள கத்திக்குப் பத்துக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. 100 மில்லி மீட்டர் நீளத்தில் 10 மில்லி மீட்டர் உயரும் மர ஆப்பு ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொண்டு, அரத்தின் அடிமுகம் அதனோடு ஒட்டி நிற்கும்வரை வளையத்தை உயர்த்துங்கள். கோணமானி தேவையில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் கத்தியைப் புரட்டி, கிளாம்பை மறுபுறம் மாற்றி, மற்றப் பக்கத்தையும் அவ்வாறே இறக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற எஃகை முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும்; இல்லையேல் அரம்தான் தேயும். வாயின் நடுக்கோட்டைக் குறிக்க, கத்தியின் கனத்துக்குச் சமமான துளைபோடும் பிட் ஒன்றைக் கத்தியோடு சமதளத்தில் கிடத்தி அதன் நுனியால் கீறினால் கோடு நட்டநடுவே விழும். அந்தக் கோடுவரை அராவிவிடக் கூடாது. துவைச்சலுக்கு முன் வாயில் அரை மில்லி மீட்டர் கனம் மீதியிருக்க வேண்டும். மெலிந்த வாய் எண்ணெயில் விரிசல் காணும். மேற்சொன்ன கத்தியில் அப்போது சரிவின் அகலம் பக்கத்துக்குப் பதினேழரை மில்லி மீட்டர், அதாவது அலகில் சரிபாதி. துவைச்சலுக்குப் பிறகு இறுதிக் கூரைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம்.

மின்சாரச் சாணையில் இறக்குவோரும் சட்டம் வைத்துக்கொள்ளலாம். வேலை விரைவாக முடியும். ஆனால் துவைச்சல் கொடுத்த அலகைச் சாணையில் பிடிக்கும்போது விரலால் தொட முடியாத சூடு வருமுன் தண்ணீரில் நனைக்க வேண்டும். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் கொடுத்த துவைச்சல் அந்த இடத்தில் போயிற்று. மீண்டும் உலைக்குத்தான் போக வேண்டும். கண்ணாடி அணியாமலும், தோளில் துண்டு தொங்கவும் சாணை முன் நிற்பதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள்.

இந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நான் சொல்லவில்லை. வளைந்த அரிவாளுக்கு இது ஆகாது. அங்கே சம்மட்டியும் தேர்ந்த கையும்தான் வேண்டும். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் மரப்பலகையால் வந்ததன்று. நேரான அலகுள்ள காய்கறிக் கத்தி, வாழைக் கத்தி, சமையற் கத்தி ஆகியவற்றுக்கே இது ஏற்றது. சந்தையில் அதிகம் விலை போவதும் இவைதாமே.

பலகை, வளையம், கம்பி, பழைய அரம் ஆகியவற்றில் பெரும்பாலானவை பட்டறை மூலையிலேயே கிடக்கும். உறுப்பினர்கள் தங்கள் ஊர்க் கொல்லரிடம் இதைச் சொல்லி, முதல் கத்தியைத் தாமே விலைக்கு வாங்குவதாக வாக்களியுங்கள். வாங்கும்போது கத்தியை வாய் மேலாகப் பிடித்து நுனியிலிருந்து பாருங்கள். இரு சரிவுகளும் ஒரே அகலத்தில் ஓடினால் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.