நாணயம்னா என்னன்னு மெஷினுக்குத் தெரியாது: மெட்டல் டிடெக்டர் வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோட் ஆடியோவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த மாதிரி ஒரு வீடியோ கண்டிப்பா உங்க கண்ணுல பட்டிருக்கும். அமெரிக்காவுல ஏதோ ஒரு பழைய பார்க். ஒருத்தர் காதுல ஹெட்போன், கையில நீளமான கம்பி, அதோட நுனியில தட்டு மாதிரி ஒண்ணு. புல்லுக்கு மேல அதை ஆட்டிக்கிட்டே நடக்கிறார். பீப்னு சத்தம். தோண்டினா வெள்ளி நாணயம்!

வீடியோ முடிஞ்சதும் நம்ம கை நேரா ஆன்லைன் கடைக்குப் போகும். அங்க ஏகப்பட்ட மாடல், எல்லாத்துலயும் "அதிக ஆழம், அதிக சக்தி"ன்னு எழுதியிருக்கும். எதை வாங்குறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். பார்க்ல நாணயம் தேடுறது அமெரிக்காவுல ரொம்ப நாளா இருக்கிற பொழுதுபோக்கு. அதனால அந்த ஊரையே உதாரணமா எடுத்துக்கிறேன்.

மெஷினுக்கு என்ன தெரியும்?

முதல்ல அடிப்படை. நுனியில இருக்கிற அந்தத் தட்டுக்குப் பேர் காயில். அது மண்ணுக்குள்ள ஒரு காந்தப் புலத்தை அனுப்புது. கீழ உலோகம் இருந்தா அதுல சின்னதா மின்னோட்டம் உண்டாகி, அது பதிலுக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் கொஞ்சம் தாமதமா வரும். எவ்வளவு தாமதம்ங்கிறது அந்த உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நல்லா கடத்துது, என்ன அளவு, என்ன தடிமன் என்பதைப் பொறுத்தது. மெஷின் இதை ஒரு நம்பரா மாத்தி ஸ்க்ரீன்ல காட்டுது. அவ்வளவுதான் விஷயம்.

அதாவது "இது நாணயம், இது குப்பை"ங்கிற அறிவெல்லாம் மெஷினுக்குக் கிடையாது. அதுகிட்ட இருக்கிறது ஒரு நம்பர் மட்டும்தான்.

இப்போ அமெரிக்க நாணயங்களைப் பாருங்க. 1964 வரைக்கும் வந்த டைம், அதாவது 10 சென்ட், அப்புறம் குவார்ட்டர், ரெண்டுமே 90% வெள்ளி. நம்பர் நல்லா உயரத்துல வரும். பழைய பென்னி 95% செம்பு, அதுவும் மேலதான். 1982ல பென்னியைத் துத்தநாகத்துக்கு மாத்தி, மேல செம்புப் பூச்சு மட்டும் வெச்சாங்க. அதனால புது பென்னி கொஞ்சம் கீழ இறங்கிடும். 5 சென்ட் நாணயமான நிக்கல்ல 75% செம்பு இருக்கு. ஆனா கூட 25% நிக்கல் கலந்ததால மின்கடத்தும் திறன் படுத்துடுது. நம்பர் ரொம்பக் கீழ வரும்.

வம்பு இங்கதான் ஆரம்பிக்குது. 1960கள், 70கள்ல பீர், கூல்டிரிங்க்ஸ் கேனைத் திறக்கிறப்போ ஒரு அலுமினிய வளையம் தனியா கழண்டு வரும். ஜனங்க அதைப் பார்க்லயே தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த வளையமும் நிக்கலும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்! மைன்லேப் ஈக்வினாக்ஸ்ல நிக்கல் 12, 13ன்னு காட்டும். வளையமும் அதையொட்டியேதான் வரும். தங்க மோதிரங்களும் நிறைய அந்த வட்டாரத்துலதான் விழும்.

டிடெக்டர்ல டிஸ்கிரிமினேஷன்னு ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட நம்பர்களை "எனக்குச் சொல்லாதே"ன்னு வாயடைக்கலாம். வளையத் தொல்லை தாங்காம அந்த நம்பர்களை அடைச்சீங்கன்னா, நிக்கலும் போச்சு, மோதிரமும் போச்சு. நீங்க அதுக்கு மேலயே நடந்து போவீங்க, மெஷின் மூச்சு விடாது. அதனால வாங்குறப்போ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எவ்வளவு தெளிவா எனக்குச் சொல்லும்?" எவ்வளவு ஆழம் போகும்ங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஒரு பழைய கதை

1881 ஜூலையில அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுட்டாங்க. குண்டு உடம்புக்குள்ள எங்க இருக்குன்னு தெரியலை. டெலிபோன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்காந்தத்தை வெச்சு ஒரு கருவி செஞ்சு கொண்டு வந்தார். கருவி வேலை செஞ்சது, ஆனா குண்டு கிடைக்கலை. டாக்டர் வலது பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார், குண்டு இருந்தது இடது பக்கம். போதாததுக்கு மெத்தைக்குள்ள எஃகு ஸ்பிரிங் வேற. செப்டம்பர்ல கார்ஃபீல்ட் இறந்துட்டார்.

அந்த ஸ்பிரிங் பிரச்சினை இன்னைக்கும் தீரலை. பார்க்ல ஆணி, மூடி, வளையம்னு எல்லாத்துக்கும் நடுவுலதான் உங்க வெள்ளி நாணயம் கிடக்கும்.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்?

ஒண்ணு, நம்பர் காட்டுற ஸ்க்ரீன், கூடவே உலோகத்துக்கு ஏத்த மாதிரி மாறுற சத்தம். ரெண்டும் வேணும். பழகினவங்க ஸ்க்ரீனைவிடக் காதைத்தான் அதிகமா நம்புறாங்க.

ரெண்டு, காயில். பெரிய காயில் ஆழமா போகும், அதிக இடத்தை அலசும். ஆனா ஒரே நேரத்துல மூணு பொருள் அதுக்குக் கீழ வந்தா எல்லாம் குழம்பிடும். குப்பை அதிகமான பார்க்குக்கு 6 அங்குலம் மாதிரி சின்ன காயில்தான் கெட்டிக்காரன். ஆழத்துக்காக ரொம்ப ஏங்க வேண்டாம். நாணயங்கள் நிறைய முதல் சில அங்குலத்துலயே கிடைக்கும். எட்டு, ஒன்பது அங்குலம் ஒவ்வொரு தடவையும் தோண்டிப் பாருங்க, இடுப்பு பதில் சொல்லும்.

மூணு, அலைவரிசை. குறைஞ்ச அலைவரிசை வெள்ளி, செம்புக்கு நல்லது. அதிக அலைவரிசை சின்னத் தங்கம், நிக்கல் மாதிரிப் பொருளுக்கு. ஒரே நேரத்துல பல அலைவரிசையில வேலை செய்ற மெஷினுக்கு விலை கொஞ்சம் கூட. புல்தரைதான் உங்க களம்னா ஒரே அலைவரிசை மெஷினே போதும். கடற்கரையில ஈர மணல்ல தேடப் போறீங்கன்னா நிலைமை வேற. உப்புத் தண்ணியும் மின்சாரத்தைக் கடத்துறதால சாதாரண மெஷின் அங்க சும்மாவே கத்தும். அங்க பல அலைவரிசைக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

நாலு, பட்ஜெட். மொத்தக் காசையும் டிடெக்டர்லயே கொட்டாதீங்க. குழிக்குள்ள விட்டுப் பார்க்கிற கைக்கருவி ஒண்ணு இருக்கு, பின்பாயின்ட்டர்னு சொல்வாங்க. அது இல்லாம ஒரு டைமைத் தேடினா, சின்னக் குழி தோண்ட வேண்டிய இடத்துல பள்ளமே வெட்டிடுவீங்க. சுமாரான டிடெக்டரும் நல்ல பின்பாயின்ட்டரும் சேர்ந்தது, ஒத்தையா வாங்குற காஸ்ட்லி டிடெக்டரைவிட மேல்.

காசு போட்டதெல்லாம் திரும்ப வந்துடும்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. பெரும்பாலும் கிடைக்கிறது துருப்பிடிச்ச மூடியும், போன வருஷம் யாரோ தவறவிட்ட குவார்ட்டரும்தான். தேடுறதே பிடிச்சிருந்தா மட்டும் இறங்குங்க.

தோண்டுறதுக்கு முன்னாடி

அமெரிக்க தேசியப் பூங்காக்கள்ல டிடெக்டரோட சுத்தறதுக்கே தடை. ஃபெடரல் நிலத்துல 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாம தோண்டி எடுக்க 1979ல வந்த சட்டம் விடாது. நகரப் பார்க்னா ஊருக்கு ஊர் விதி மாறும். சில இடத்துல பெர்மிட் வாங்கணும், சில இடத்துல கூடவே கூடாது. தனியார் இடம்னா உரிமையாளர்கிட்ட கேட்கணும். புல்லை மடல் மாதிரி வெட்டித் தூக்கி, எடுத்து முடிச்சதும் பழையபடி மூடி மிதிச்சு விடணும்.

நம்ம ஊர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க 1878ல வந்த புதையல் சட்டம் இன்னும் இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் பக்கமோ, கீழடி மாதிரி இடத்துலயோ டிடெக்டரோட போற யோசனையே வேண்டாம். அங்க ஒரு நாணயம் எந்த மண் அடுக்குல கிடந்ததுங்கிறதுதான் ஆய்வாளருக்கு முக்கியம். அதை நீங்க பிடுங்கி எடுத்துட்டா காசு உங்க கையில இருக்கும், அது சொல்ல வேண்டிய காலக்கணக்கு போயிடும்.

அனுமதி இருக்கிற இடமா, டிடெக்டரும் வாங்கியாச்சா? முதல் வாரம் பார்க்குக்குப் போகாதீங்க. அந்த ஊர் நாணயத்துல வகைக்கு ஒண்ணு, ஒரு அலுமினிய வளையம், ஒரு ஆணி, ஒரு மோதிரம் எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வெளியில தரையில வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணுக்கு மேலயும் காயிலை ஆட்டி, நம்பரை எழுதி வெச்சுக்கோங்க, சத்தத்தைக் காதுல ஏத்திக்கோங்க. அந்த ஒரு பக்க லிஸ்ட் எந்த மேனுவல்லயும் கிடைக்காது.

உங்க லிஸ்ட்ல நிக்கலுக்கும் வளையத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.