கரண்டியில் ஒரு குலச்சின்னம்



நகைக்கடையில் நாம் கேட்டு வாங்கும் ‘ஹால்மார்க்’ என்ற சொல் லண்டனில் பிறந்தது. அங்குள்ள பொற்கொல்லர் சங்கக் கட்டடத்தின் பெயர் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். 1478 முதல் வெள்ளிச் சாமான்களை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருந்தால்தான் அன்று முத்திரை கிடைத்தது.

அப்படிப்பட்ட பழைய கரண்டி ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் பொடியாக ஒரு சிங்கம், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, பட்டறைக்காரரின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். பட்டறைக்காரர் என்றுதான் சொல்கிறேன். சுத்தியல் பிடித்தவரின் பெயரோ செதுக்கியவரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் இருக்காது. விருந்தாளியின் கண்ணில் படும் பக்கத்தில் இருப்பதோ வீட்டுக்காரரின் குலச்சின்னம்.

இந்தச் சின்னங்களைக் கண்காணிக்க 1484-இல் ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற நிறுவனம் வந்தது. 1530 முதல் 1688 வரை அதன் அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய் வம்சாவளி விசாரித்தார்கள். உரிமையை நிரூபிக்க முடியாதவரை, ‘இவர் கனவான் அல்லர்’ என்று ஊரறிய அறிவித்தார்கள். விசாரிப்பவர், சான்று கேட்பவர், அவமானப்படுத்துபவர் எல்லாம் ஒரே ஆள்!

1798-இல் அரசாங்கம் குலச்சின்னத்துக்கு வரி போட்டது. உரிமை உண்டா என்று வரி வசூலிப்பவர் கேட்கவில்லை. சின்னத்தைக் காட்டினால் காசு கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த வரி 1944 வரை இருந்தது. வெள்ளி கைமாறும்போது பழைய சின்னத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதியவர் தன்னுடையதைச் செதுக்கிக்கொள்வார். தேய்த்த இடத்தில் தகடு மெலிந்துவிடும். வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மூச்சின் ஈரத்தில் பழைய கோடுகள் ஒரு கணம் தெரியும்.

இதைச் சாதி என்று நான் சொல்லவில்லை. அங்கே காசு சேர்ந்தால் சின்னம் கிடைத்தது. நம் ஊரில் எவ்வளவு சேர்த்தாலும் சாதி மாறாது. ஆனால் பிறப்பைப் பொருளின் மேல் எழுதி வைக்கும் பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அது பொருளோடு நிற்பதில்லை.

1565-இல் ஜான் ஹாக்கின்ஸுக்கு ஒரு சின்னம் வழங்கப்பட்டது. ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கடல் கடந்து விற்றவர் அவர். அவருடைய கேடயத்துக்கு மேலே இருந்தது, கயிற்றால் கட்டப்பட்ட ஒரு கறுப்பு மனிதரின் இடுப்புவரையிலான உருவம். இதை வரைந்து, ஒப்புதல் கொடுத்து, ஏட்டில் பதிந்தார்கள். எந்த அலுவலரின் கையும் நடுங்கியதாகத் தெரியவில்லை.

பிரபு வீடுகளில் வேலையாட்களின் சட்டைப் பொத்தானிலும் எஜமானின் சின்னம்தான். கரண்டிக்கும் ஆளுக்கும் ஒரே முத்திரை. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்புச் சிறுவர்களின் கழுத்தில் வெள்ளிப் பட்டை மாட்டினார்கள். அதில் எஜமானின் பெயரும் சில வேளை குலச்சின்னமும் செதுக்கப்பட்டிருக்கும். 1756-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் மத்தேயு டயர் என்ற பொற்கொல்லர் ஒரு விளம்பரம் கொடுத்தார்: கறுப்பர்களுக்கோ நாய்களுக்கோ வெள்ளிப் பூட்டும் கழுத்துப்பட்டையும் செய்து தரப்படும் என்று.

ஏலப் பட்டியல்களில் ஒரு தட்டுக்கு எந்தப் பிரபுவின் சின்னம், அவர் யாரை மணந்தார், வாரிசு யார் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கும். சின்னம் இருந்தால் பெரும்பாலும் விலையும் கூடும். அந்தத் தட்டை வாங்கிய பணம் சர்க்கரைத் தோட்டத்திலிருந்து வந்ததா என்ற வரியையும் அதே பத்தியில் எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருந்தால் பேசுவோம், நேரம் இருக்கிறது.