ஆமை புகுந்த வீடு



'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஆமை புகுந்ததால் கெட்ட வீடு எதையும் நான் கண்டதில்லை. ஆனால், வீடு புகுந்ததால் கெட்ட ஓர் ஆமையை நான் நன்கு அறிவேன். அந்த வீடு எங்கள் வீடு. அந்த ஆமையைக் கெடுத்தவன் நான். விந்தைப் பிராணிகளை வளர்ப்பது பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி இதுதான்.

சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றின் கரையில் இருக்கிறது எங்கள் வெம்பக்கோட்டை. 1968-ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. சந்தைக்கு வந்த மாட்டு வியாபாரி ஒருவர், கோணிப்பையிலிருந்து ஒரு நட்சத்திர ஆமையை எடுத்து என் கையில் வைத்தார். கறுத்த ஓட்டின் மேடுதோறும் மஞ்சள் கோடுகள் கதிர் விரித்திருந்தன. எங்கள் ஊர் மத்தாப்பு நின்று எரிவதுபோலத் தோன்றியது எனக்கு.

வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டுவார்கள். அந்த அறையின் மூலையில் கிடந்த மரப்பெட்டியே ஆமைக்கு அரண்மனையாயிற்று. சோறும் பாலும் வைத்தேன். ஓட்டை விரலால் தட்டினால் அது தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். "பாருங்கள், எனக்கு வணக்கம் சொல்கிறது!" என்று தோழர்களிடம் பெருமை பேசுவேன். தீபாவளியன்று வெடிச் சத்தம் கேட்ட போதெல்லாம் அது அவ்வாறே உள்ளிழுத்துக்கொண்டது. நானோ, ஊருக்கே வணக்கம் சொல்கிறது என்று சிரித்தேன்.

அடுத்த தீபாவளிக்கு ஆமை இல்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு ஓட்டை அழுத்திப் பார்த்தேன். பசையில் ஊறிய அட்டைபோல விரலுக்கு இணங்கியது. காரணம் அப்போது விளங்கவில்லை. பின்னாளில் உயிரியல் படித்தபோதுதான் விளங்கியது.

ஆமையின் ஓடு அது போட்டுக்கொண்ட சட்டை அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான அதன் உடம்பே. அந்த எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க 'டி' உயிர்ச்சத்து வேண்டும். அதை ஆக்கித் தருவது வெயில். புல்லும் இலையும் உதிர்ந்த பழமும் தின்று, இளவெயிலில் காய வேண்டிய உயிரை இருட்டு மூலையில் பால்சோறு ஊட்டி வளர்த்தேன். பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை, அறியாமையாலேயே கொன்றேன்.

உணவைப் பற்றிய பிழையாவது உடலைப் பற்றியது. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஆமை தலையை உள்ளிழுத்தது வணக்கம் அன்று, அச்சம். அதன் அச்சத்தை நான் அன்பென்று படித்தேன். இன்று நான் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றே.

மகுடிக்கு நாகம் ஆடுகிறது என்கிறோம். பாம்புக்குப் புறச்செவி கிடையாது. மகுடியின் அசைவையே அது கண்ணால் தொடர்கிறது. படம் விரிப்பது இன்பத்தால் அன்று. 'அருகில் வராதே' என்னும் எச்சரிக்கை அது. பால் அதற்கு இயற்கை உணவும் அன்று.

அப்படியானால் நாயும் மாடும் நம்மோடு வாழவில்லையா என்று கேட்பீர்கள். வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், திமிலோடு கூடிய சுடுமண் காளை உருவமும் கிடைத்தது. அத்தனை பழைய உறவு அது! நாயோடு மனிதன் கொண்ட உறவோ ஏறக்குறைய 15,000 ஆண்டுப் பழமை உடையது. தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றையே தேர்ந்து பெருக்கியதால் அவற்றின் இயல்பே மாறி அமைந்தது. காட்டில் பிடித்த ஆமைக்கும் பாம்புக்கும் அந்த வரலாறு இல்லை. நம் கையைக் கண்டு ஓடாதிருக்க அவை பழகலாம்; அதை நட்பென்று கொள்வது நம் ஆசை.

இந்த ஆசையின் விலையை அறியக் கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில், செல்லப்பிராணியாக விற்கப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் வளர்ந்து பெரிதானதும், சிலர் அவற்றைச் சதுப்புக் காட்டில் விட்டார்கள். சில தப்பியும் ஓடின. அவை பெருகின. ரக்கூன் என்னும் சிறு விலங்கு அங்கே கண்ணில் படுவதே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டதென 2012-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அப்பாம்புகளைப் பிடிக்க 2017-இல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்! இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

பாம்பை அவர்களைப்போல் அறிந்தவர் அரியர். அவர்கள் பாம்பைச் செல்லமாக வளர்ப்பவர்கள் அல்லர். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். உண்மையான அறிவு எங்கே உண்டோ, அங்கே விட்டுவிடும் பெருந்தன்மையும் உண்டு.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும், நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு, பச்சைக்கிளி முதலியவற்றைப் பிடித்து வீட்டில் வைப்பதைக் குற்றமாக்குகின்றன. நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வாணிகமும் 2019-இல் தடைசெய்யப்பட்டது.

அயல்நாட்டுச் செங்காது ஆமை கண்ணாடித் தொட்டியில் நாணயம்போல நீந்தும். வளர்ந்தாலோ சாப்பாட்டுத் தட்டளவு ஆகும். முப்பது ஆண்டுகூட வாழும். கழிவோடு பரவும் கிருமியால் குழந்தைகள் நோயுற்றதனால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-லேயே தடுத்தது. சலித்துப்போய் அதை ஊர்க் கண்மாயில் விடுவதோ இன்னொரு பிழை. நம் நீர்நிலை ஆமைகளுக்கு அது போட்டியாகிவிடும். அறியாமல் வளர்த்துவிட்டவர்கள் வனத்துறையை அணுகுவதே முறை.

ஆகவே, ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை வைத்திருக்கச் சட்டம் இடந்தருமா? இதற்கு வேண்டிய வெயிலும் நீரும் உணவும் இடமும் என்னால் தர இயலுமா? நான் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போனபின் இதன் ஆயுள் முழுதும் காப்பவர் யார்? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் வளருங்கள். பெரும்பாலும் அந்த விடை ஒரு தெருநாய்க்குட்டியிடமோ நாட்டுக்கோழியிடமோதான் உங்களைக் கொண்டு சேர்க்கும்.

விந்தை உயிர்கள்மீது உள்ள ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைக் கூண்டிலிருந்து கண்ணுக்கு மாற்றுங்கள். வேலியில் தலையாட்டும் ஓணானை ஒரு மாதம் குறிப்பெடுத்துப் பாருங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத கல்வி அது.

எங்கள் பக்கத்துத் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் ஒரு கிளி இருக்கும். நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்யப்படும் கிளி. கோயில் மரங்களிலோ உயிருள்ள கிளிகள் தம் போக்கில் பறக்கின்றன. ஒன்றையும் அடைக்காமலே கிளியை நேசிக்கலாம் என்பதை என் பத்தாம் வயதில் யாரேனும் சொல்லியிருந்தால், ஓர் ஆமை பிழைத்திருக்கும். எனக்குச் சொல்லப்படாததை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.